எதிரியின் பாஷையில் ஒரு ரேடியோ

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, பெருங்களத்தூரில் நமது வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் படுத்துக் கொண்டு, உலக விவகாரங்களைப் பற்றி யோசித்துக் கொண்டிருந்தோம். (தூங்கிக் கொண்டிருந்தோம் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம்.) அச்சமயம் நமது பேரப்பிள்ளை கைப்பேசியை நீட்டிக் கொண்டு ஓடி வந்தான்.

"தாத்தா! இதைக் கேளுங்கள். லிஸ்பன் ரேடியோ!"

ஒரு ஸ்திரீ பாடிக் கொண்டிருந்தாள். பக்கத்தில் கிதார் போன்ற ஏதோ ஒரு தந்தி வாத்தியம் விம்மி விம்மி அழுதது. பாட்டின் ராகம் நமக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதிலிருந்த துக்கம் நன்றாகப் பிடிபட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டியம்மாள், "பாவம், யாரோ புகுந்த வீட்டில் கஷ்டப்படுகிறாள் போலிருக்கிறது" என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போனாள். உண்மையில் அந்தப் பாட்டுக்கு 'ஃபாடு' என்று பெயர். பன்னிரண்டு தந்திகள் உள்ள போர்த்துகீசியக் கிதாரின் துணையுடன் பாடுவது. விதியையும் பிரிவையும் சொல்லி மனத்தைப் பிழிவதே அதன் தொழில். ஆகவே பாட்டியம்மாளின் அபிப்பிராயம் அதிகமாகப் பிசகிவிடவில்லை. 2011-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் இந்தச் சங்கீதத்தை உலகத்தின் பொதுச் சொத்துக்களில் ஒன்றாக அங்கீகரித்தது.

பாட்டு முடிந்து செய்தி ஆரம்பமாயிற்று. மழைக் காலத்தில் தென்னங்கீற்றுக்குள் காற்று புகுந்தாற்போல் 'ஷ்... ஷ்...' என்று ஒரே சப்தம்.

"ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, தாத்தா!" என்றான் பையன்.

"ஏன் புரியாது? அந்த ஜன்னலைச் சாத்து. மேஜை மேல் சாவி இருக்கிறது, அதை எடுத்து அலமாரியைத் திறந்து நமது பேனாவைக் கொண்டு வா" என்றோம்.

பையன் கொண்டு வந்தான். ஜன்னல், மேஜை, சாவி, அலமாரி, பேனா இந்த ஐந்தும் போர்த்துகீசிய பாஷையிலிருந்து நம் வீட்டுக்குள் குடி வந்தவை என்று சொன்னதும் அவன் முகத்தில் தோன்றிய ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே! பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் பரங்கிமலை வந்துவிடுகிறது. அந்தப் 'பரங்கி' யார்? போர்த்துகீசியர்தான். மலை உச்சியில் உள்ள மாதா கோவிலை அவர்கள் 1523-ல் கட்டினார்கள். மயிலாப்பூரில் 'லஸ்' என்கிறோமே, அந்த வார்த்தைக்கு அவர்கள் பாஷையில் 'ஒளி' என்று அர்த்தம். அங்கே உள்ள 'ஒளி மாதா' கோவிலினால் வந்த பெயர். இவ்வளவும் நம்மிடம் தங்கிவிட்டது, வந்தவர்கள் போய்விட்டார்கள்.

ஆனால் ஓர் இடத்திலிருந்து மட்டும் அவர்கள் எளிதில் போகவில்லை. அந்த இடத்தைப் பற்றியும், அங்கே காற்றில் நடந்த ஒரு விசித்திரமான யுத்தத்தைப் பற்றியுமே பேரனுக்கு அன்று கதை சொன்னோம். அதையே நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

கோவாவைப் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் கைப்பற்றியது 1510-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 25-ந் தேதி. பாரத தேசம் 1947-ல் சுதந்திரம் அடைந்தபோதும், பிரெஞ்சுக்காரர் 1954-ல் புதுச்சேரியை விட்டு அகன்றபோதும், போர்த்துகல் மட்டும் அசையவில்லை. லிஸ்பனில் சர்வாதிகாரம் செலுத்திய ஸலாஸார் 1951-ல் ஒரு தந்திரம் செய்தார். 'கோவா எங்கள் காலனி அல்ல; கடல் கடந்த எங்கள் மாகாணம்' என்று அரசியல் சட்டத்தையே திருத்தி எழுதிக் கொண்டார். காலி செய்யச் சொன்னால், குடித்தனக்காரர் வீட்டின் பெயர்ப் பலகையை மாற்றி எழுதி மாட்டிக் கொண்டதைப் போல!

அந்த 'மாகாண'த்தில் பேச்சுக்கு இருந்த கட்டுப்பாட்டை இன்று நம்புவதே கஷ்டம். கலியாணப் பத்திரிகை அச்சிட வேண்டுமானால்கூடத் தணிக்கை அதிகாரியிடம் காட்ட வேண்டும். பொதுக் கூட்டம் என்ற பேச்சே கிடையாது. 1946 ஜூன் 18-ந் தேதி டாக்டர் ராம் மனோஹர் லோஹியா மட்காம் நகரில் தடையை மீறிப் பேச முயன்று கைதானார். கோவாவில் விடுதலைக் கிளர்ச்சி புத்துயிர் பெற்றது அன்றுதான் என்று அங்கே இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அதே 1946-ஆம் வருஷத்தில்தான் கோவாவுக்கு ரேடியோவும் வந்தது. பஞ்சிமில் சர்க்கார் ஸ்தாபித்த அந்த நிலையத்தின் பெயர் 'எமிஸோரா டி கோவா'. வாயைத் திறந்தால் சிறை என்ற ஊரில், சர்க்காரின் வாய் மட்டும் தினந்தோறும் வீட்டுக்கு வீடு திறந்திருந்தது என்று சொல்லலாம்.

ஆயினும் அதன் சங்கீதத்தைக் குறை சொல்வதற்கில்லை. நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். கோவாக்காரர்களின் இரத்தத்திலேயே சங்கீதம் ஊறியிருக்கிறது. அங்கே கிராமத்து மாதா கோவில் பள்ளிக்கூடங்களில் பல தலைமுறைகளாகக் குழந்தைகளுக்கு மேல்நாட்டு ஸ்வரங்களும் பிடிலும் கற்றுக் கொடுத்து வந்தார்கள். நமது தஞ்சாவூர் ஜில்லாவில் கோவிலைச் சுற்றி நாகஸ்வரம் வளர்ந்ததல்லவா? அதைப் போலத்தான். பிற்காலத்தில் பம்பாய் சினிமாவில் வாத்தியக் கோஷ்டிகளை அமைத்து, எழுதிய ஸ்வரத்தைப் பார்த்து வாசிக்கக் கற்றுக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்களே. அவர்களுடைய 'மாண்டோ' என்ற பாட்டைக் கேட்டால், பல்லக்கு அசைவது போன்ற நடையில் காதலும் பிரிவும் கொங்கணியில் நகர்ந்து செல்லும். அது ஓய்ந்ததும் 'துல்போத்' என்ற துள்ளல் பாட்டுப் பிடித்துக் கொள்ளும். பஞ்சிம் ரேடியோவில் போர்த்துகீசிய நிகழ்ச்சிகளோடு கொங்கணி, மராத்தி நிகழ்ச்சிகளும் உண்டு. மேல்நாட்டு இசைத்தட்டுகளும் தாராளம். கோவாவின் எல்லைக்கு வெகு தூரத்தில் உள்ளவர்களும் பாட்டுக்காக அதைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள்.

பாட்டு நடுவில் நின்று பேச்சு ஆரம்பிக்கும்போதுதான் வினை. உலகத்திலேயே சந்தோஷமான ஜனங்கள் கோவா ஜனங்கள்தான் என்றும், எல்லைக்கு அப்பால் பசியும் குழப்பமும் தவிர வேறில்லை என்றும் அந்தப் பேச்சு சாதித்தது. மறுத்துச் சொல்ல உள்ளே பத்திரிகை கிடையாது, மேடை கிடையாது.

1955 ஆகஸ்டு 15-ந் தேதி, ஆயுதம் ஏந்தாத சத்தியாக்கிரகிகள் ஆயிரக் கணக்கில் எல்லையைக் கடந்து கோவாவுக்குள் நடந்தார்கள். போர்த்துகீசியப் போலீஸார் சுட்டதில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு பாரத சர்க்கார் கோவாவுடன் போக்குவரத்தையும் வியாபாரத்தையும் நிறுத்தியது. எல்லை மூடப்பட்டது. ஆள் போக முடியாது. கடிதம் போவதும் கஷ்டம். அப்படியானால் உள்ளே இருக்கும் ஜனங்களோடு பேசுவது எப்படி?

மதிலைத் தாண்டக் கூடியது குரல் ஒன்றுதான் என்று சில வாலிபர்கள் கண்டுபிடித்தார்கள்.

இது நம் தேசத்துக்குப் புதிதும் அல்ல. 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில், இருபத்திரண்டு வயதுப் பெண்ணான குமாரி உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் பம்பாயில் வீட்டுக்கு வீடு மாறிக் கொண்டே 'காங்கிரஸ் ரேடியோ'வை நடத்தி, நவம்பர் மாதத்தில் போலீஸார் பிடிக்கும் வரையில் வெள்ளைக்கார சர்க்காரைத் திணற அடித்தார்கள். சென்னைவாசிகள் 1938 ஜூன் 16-ந் தேதி முதல் சர்க்கார் ரேடியோவில் கச்சேரி கேட்டுத் தலையாட்டப் பழகிக் கொண்டிருந்த அந்த நாட்களிலேயே, ரேடியோவுக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு என்று பம்பாயில் காட்டிவிட்டார்கள்.

கோவா வாலிபர்களுக்கு யந்திரம் கிடைத்த விதம் ரஸமானது. 1954-ல் தாத்ரா, நகர் ஹவேலிப் பகுதிகள் விடுதலை பெற்றபோது, ஓடிப் போன போர்த்துகீசியர் விட்டுச் சென்ற வயர்லெஸ் கருவிகள் இரண்டு கிடைத்திருந்தன. அவற்றைப் பழுது பார்த்து, ஒலிபரப்பும் யந்திரமாக மாற்றி, ஒரு லாரியில் ஏற்றினார்கள். எதிரியின் யந்திரம்; அதில் பேசப் போவதும் எதிரியின் பாஷை!

1955 நவம்பர் 25-ந் தேதி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. தேதியைக் கவனியுங்கள். அல்புகர்க் கோவாவைப் பிடித்த அதே நாள். 445 வருஷங்கள் கழித்து. போர்த்துகீசில் 'வோஸ் த லிபர்தாத்', அதாவது 'விடுதலையின் குரல்' என்று பெயர். கொங்கணியிலும் அதே பொருள் கொண்ட பெயரில் ஒலிபரப்பு நடந்தது. அதை நடத்தியவர்கள் வாமன் ஸர்தேசாய், லிபியா லோபோ என்ற இருவர். ஆரம்பத்தில் நிக்கலாவ் மெனெஸிஸ் என்பவரும் உடன் இருந்தார். லிபியா கோவாவில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். அப்பொழுது அவருக்கு முப்பத்தொரு வயது. வாமனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

முதலில் அம்போலி மலைக் காடு. பிறகு ரயில் பாதையும் அடர்ந்த வனமும் உள்ள 'காஸில் ராக்' பிரதேசம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை எப்படிப் பெய்யும் என்று குற்றாலம் போனவர்களுக்குத் தெரியும். அதைப் பல மடங்கு பெருக்கிக் கொள்ளலாம். பாம்பும் அட்டையும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பந்து மித்திரர்கள், நாடகம், சினிமா, கலியாணம், கார்த்திகை ஒன்றும் கிடையாது. பகலெல்லாம் பத்திரிகைகளைப் படிப்பதும், பஞ்சிம் ரேடியோ, லிஸ்பன் ரேடியோ இவற்றை ஒட்டுக் கேட்டுக் குறித்துக் கொள்வதும், பதில் எழுதுவதும், பிறகு அதை வாசிப்பதுமே வேலை. இப்படி ஒரு வாரம் இருக்கச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் இருப்போம்? அவர்கள் ஏறக்குறைய ஆறு வருஷம் இருந்தார்கள்.

என்ன பேசினார்கள்? பார்லிமெண்டில் பண்டித நேரு கோவாவைப் பற்றிச் சொன்னதைச் சொன்னார்கள். பஞ்சிம் ரேடியோ மறைத்த கைதுகளையும் தண்டனைகளையும் சொன்னார்கள். எல்லை மூடப்பட்ட பின் ஹாலந்திலிருந்து உருளைக்கிழங்கும், பாகிஸ்தானிலிருந்து அரிசியும், இலங்கையிலிருந்து தேயிலையும், ஜப்பானிலிருந்து சிமெண்டும் கப்பலில் வந்து இறங்கிக் கொண்டிருந்தன. பக்கத்து ஊர்ச் சந்தையில் கிடைக்கும் உருளைக்கிழங்கை ஆயிரக் கணக்கான மைல் கப்பலேற்றி வரவழைக்கும் ராஜ்யம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்பதற்கு அந்த லாரி ரேடியோ ஒன்றே இருந்தது. 1961-ல் ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டு மக்கள் போர்த்துகீசிய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியபோது அந்தச் செய்தியும் இதன் வழியாகக் கோவாவுக்குள் நுழைந்தது.

கொங்கணியில் பேசியது சரி; அது ஜனங்களின் தாய்மொழி. போர்த்துகீசில் ஏன் பேச வேண்டும்? அந்நியன் பாஷையைத் தலை முழுகிவிட்டல்லவா விடுதலை பேச வேண்டும்? இந்தக் கேள்வியைப் பேரன் கேட்டான். நாமும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறோம். கொஞ்சம் கோபத்துடனேயே கேட்டிருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. போர்த்துகீசில் பேசினால் கோவாவின் படித்த குடும்பங்கள் மட்டும் அல்ல, துப்பாக்கி பிடித்த சிப்பாயும், கையெழுத்துப் போடும் அதிகாரியும், ஏன், கவர்னர் ஜெனரலுமே கேட்பார்கள். உன்னுடைய பொய்யை உன்னுடைய இலக்கணத்திலேயே மறுக்கிறேன் என்று சொன்னால், 'இவர்கள் ஏதோ உளறுகிறார்கள்' என்று தள்ளிவிட முடியாது. அன்றியும், சண்டை ஸலாஸாரோடுதானே தவிர அந்தப் பாஷையோடு அல்ல. காடுகளில் ஒளிந்திருந்த அந்த இருவரும் போர்த்துகீசிய பாஷைக்கு, லிஸ்பனில் அப்போது கிடைக்காத ஒரு சுதந்திரத்தை வாங்கிக் கொடுத்திருந்தார்கள் என்பது நமது அபிப்பிராயம். ஸலாஸாரின் தணிக்கையாளர் லிஸ்பனில் ஃபாடுப் பாட்டின் வரிகளைக்கூட வெட்டிக் கொண்டிருந்த காலம் அது.

1961 டிசம்பரில் முடிவு நெருங்கியது. ராணுவ மந்திரி ஸ்ரீ வி. கே. கிருஷ்ண மேனன் கவர்னர் ஜெனரலுக்குச் சரணாகதி அடையும்படி விடுத்த செய்தி இந்த ரேடியோவின் வழியாகவே ஒலிபரப்பாயிற்று. ஸலாஸாரோ, கடைசி மனிதன் வரையில் போராட வேண்டும். சரணாகதி கூடாது என்று லிஸ்பனிலிருந்து கட்டளை அனுப்பியிருந்தார். 18-ந் தேதி பாரத விமானங்கள் பம்போலிமில் இருந்த வயர்லெஸ் நிலையத்தைத் தாக்கின. கவர்னர் ஜெனரல் வஸாலோ இ ஸில்வா, கோவா மண்ணை வீணாக இரத்தத்தில் நனைக்க விரும்பவில்லை. 19-ந் தேதி இரவு சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 451 வருஷ ஆட்சி முப்பத்தாறு மணி நேரத்தில் முடிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் நமக்கு மிகவும் பிடித்த கட்டம். ஆறு வருஷம் முகம் காட்டாமல் குரல் மட்டும் காட்டியவர்களை விமானப் படையின் விமானம் ஒன்றில் ஏற்றினார்கள். அதில் ஒலிபெருக்கி பொருத்தியிருந்தது. லிபியாவும் வாமனும் கோவாவின் வயல்களுக்கும் ஆறுகளுக்கும் வெள்ளை மாதா கோவில்களுக்கும் மேலே சுமார் இரண்டு மணி நேரம் பறந்து, கோவா விடுதலை அடைந்துவிட்டது என்று போர்த்துகீசிலும் கொங்கணியிலும் ஆகாயத்திலிருந்தே அறிவித்தார்கள். துண்டுப் பிரசுரங்களையும் தூவினார்கள். காட்டு ரேடியோவின் கடைசி ஒலிபரப்பு அது. பஞ்சிம் நிலையத்தை மறு வருஷம் ஆல் இந்தியா ரேடியோ நடத்தத் தொடங்கியது.

"அவ்வளவுதானா?" என்றான் பேரன். இல்லை. காற்றில் விதைத்தது எங்கெங்கோ முளைத்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி பிஸ்ஸாவ் நாட்டின் விடுதலைக்குப் போராடிய அமில்கார் கப்ரால், 1967-ல் அண்டை நாட்டிலிருந்து 'விடுதலை ரேடியோ' ஒன்றை நடத்தச் செய்தார். அதில் அமேலியா அராவுஜோ என்ற பெண்மணி, காட்டில் சண்டையிட்டுக் கொண்டிருந்த போர்த்துகீசியச் சிப்பாய்களை நோக்கி அவர்கள் பாஷையிலேயே பேசினார். 'உங்கள் தாய்மார் ஊரில் காத்திருக்க, நீங்கள் யாருக்காக இங்கே சாகிறீர்கள்?' என்பதே அப்பேச்சின் சாரம். சிப்பாய்கள் அவருக்குப் பட்டப் பெயர் வைத்தார்கள்; ஆனால் கேட்காமல் இருக்கவில்லை. அல்ஜியர்ஸ் நகரத்திலிருந்து, நாடு கடந்த கவி மனுவேல் அலெக்ரே முதலிய போர்த்துகீசியர்களே ஸலாஸாருக்கு எதிராக ஒரு ரேடியோ நடத்தினார்கள். அதற்கும் பெயர் 'விடுதலையின் குரல்' தான். நம்முடைய அம்போலிக் காட்டில் வைத்த அதே பெயர்!

கடைசியாக லிஸ்பனுக்கே வந்தது. அங்கே புரட்சி செய்யத் தீர்மானித்த ராணுவ அதிகாரிகள், படைகளுக்கு ஜாடை காட்ட ரேடியோப் பாட்டையே தேர்ந்தெடுத்தார்கள். 1974 ஏப்ரல் 24-ந் தேதி இரவு 10 மணி 55 நிமிஷத்துக்கு லிஸ்பனில் ஒரு நிலையத்தில் சாதாரணமான ஒரு காதல் பாட்டு. 'தயாராகுங்கள்' என்று அதற்குப் பொருள். நள்ளிரவுக்கு மேல் 20 நிமிஷத்துக்கு மற்றொரு நிலையத்தில் ஜோஸே அஃபோன்ஸோவின் 'கிராந்தோலா' பாட்டு. பலர் சேர்ந்து நடக்கும் காலடிச் சப்தத்துடன் ஆரம்பிக்கும் கிராமியப் பாணிப் பாட்டு அது. 'புறப்படுங்கள்' என்று பொருள். பொழுது விடிவதற்குள் படைகள் தலைநகரில் இருந்தன. மாலைக்குள், ஸலாஸார் விட்டுச் சென்ற ராஜ்யம் கவிழ்ந்தது. ஜனங்கள் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழாயில் சிவப்புப் பூக்களைச் செருகினார்கள். அவ்வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, கோவா பாரதத்தைச் சேர்ந்ததே என்று ஒப்புக் கொண்டு புதிய போர்த்துகல் புது டில்லியில் ஒப்பந்தம் செய்து கொண்டது.

பிரேஸில் தேசத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பேரன் மன்னிக்க மாட்டான். அவனுக்கு அந்த நாட்டுக் கால்பந்து என்றால் உயிர். 'கோல்' என்ற ஒற்றை வார்த்தையை அங்கே ரேடியோ வர்ணனையாளர் மூச்சு முட்டும் வரை இழுப்பார். நமது வித்வான்கள் தார ஷட்ஜத்தில் நின்று கார்வை கொடுப்பது போல. இருபது கோடிப் பேர் உள்ள அந்நாட்டில் 1935-ல் சர்க்கார் ஆரம்பித்த ஒரு செய்தி நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. எல்லா நிலையங்களும் அதை ஒலிபரப்பியே ஆக வேண்டும். பழைய நாளில் ஜனங்கள் அதற்குத் 'தனியாகப் பேசிக் கொள்பவர்' என்று பெயர் வைத்தார்களாம். சர்க்கார் ரேடியோக்களின் சுபாவம் எங்கும் ஒன்றுதான் போலும்!

கோவாவில் சரணடைந்த வஸாலோ இ ஸில்வாவை ஸலாஸார் ராணுவத்திலிருந்தே விலக்கினார். 1974-க்குப் பிறகே அவருக்கு மரியாதை திரும்பியது. 1980-ல் அவர் கோவாவுக்கு விருந்தாளியாக வந்தார்; ஜனங்கள் அன்புடன் வரவேற்றார்கள். லிபியாவும் வாமனும் விடுதலைக்குப் பிறகு 1964-ல் கலியாணம் செய்து கொண்டார்கள். வாமன் ஸர்தேசாய் பிற்காலத்தில் பாரதத்தின் ஸ்தானிகராக அங்கோலாவுக்குச் சென்றார். அங்கே ராஜாங்க பாஷை எது தெரியுமல்லவா? போர்த்துகீசுதான். லிபியா லோபோ ஸர்தேசாய்க்கு 2025-ல், அவருடைய நூறாவது வயதில், பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கதையைக் கேட்டுவிட்டுப் பேரன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கைப்பேசியில் மறுபடியும் லிஸ்பனைத் திருப்பினான். அதே கிதார், வேறு ஒரு குரல்.

பாட்டியம்மாள் உள்ளேயிருந்து, "அந்தப் பெண் இன்னுமா அழுகிறாள்?" என்று கேட்டாள்.